கல்லூரியில் உடல்நலப் பாடம் எதற்கு?

கேள்வி, ஜூலை 8

முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். இந்த செமஸ்டரில் உடல்நலமும் நல்வாழ்வும் என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. நேரத்துக்குத் தூங்கு, காய்கறி சாப்பிடு, உடற்பயிற்சி செய், புகை பிடிக்காதே. இதெல்லாம் பள்ளியிலேயே கேட்டாயிற்று. தெரியாதது இருந்தால் கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம். இதற்கு வாரம் இரண்டு மணி நேரம் வீண் என்பது என் கருத்து. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

ஜூலை 8, இரவு

அந்தப் பாடத்தை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் சொல்வதில் பாதி சரி. நேரத்துக்குத் தூங்கு என்று சொல்ல ஓர் ஆசிரியர் தேவையில்லை. புகை கெடுதல் என்று தெரியாததால் யாரும் பிடிப்பதில்லை. அறிவுரைப் பட்டியலை வாசித்துவிட்டுப் போகிற வகுப்பு என்றால் அது வீண்தான்.

மீதிப் பாதியைப் பாருங்கள். இதுவரை உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க வீட்டில் யாரோ இருந்தார்கள். எந்த மாத்திரை, எத்தனை, டாக்டரிடம் இன்றே போவதா நாளை பார்ப்பதா, அங்கே என்ன சொல்வது, எல்லாம் அவர்கள் முடிவு. விடுதிக்கு வந்த அன்றே அந்த முடிவுகள் மொத்தமாக உங்கள் தலையில் இறங்கிவிடுகின்றன. உங்கள் அறையில் இருக்கிறவனுக்கும் உங்கள் வயதுதான். அவனுக்கும் இதில் பழக்கம் கிடையாது.

என்னைக் கேட்டால் அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் பாடம் கொடுக்க வேண்டும். எது நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். இரவு 2 மணிக்கு அறைத்தோழன் வாந்தி எடுத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் என்ன செய்வீர்கள்?

ஜூலை 9

அந்த வாந்தி விஷயத்தை அப்படியே விட்டுவிட்டேன். குடித்துவிட்டு மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மூச்சுப்பாதை திறந்திருக்கும்படி வையுங்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகவே கூடாது. கடைசியாகக் குடித்ததற்குப் பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். வார்டன் திட்டுவாரே என்ற பயத்தில் அரை மணி நேரம் யோசித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். திட்டு வாங்கினால் அடுத்த வாரம் மறந்துபோகும்.

ஜூலை 10

தூக்கத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: 'இரவு ஒரு மணிக்கு முன் தூக்கமே வருவதில்லை, இது சோம்பேறித்தனமா?'

இல்லை. உடலின் கடிகாரம் விடலைப் பருவத்திலிருந்தே பின்னால் தள்ளிப்போகத் தொடங்குகிறது. 20 வயதை ஒட்டி அந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், அதற்குப் பிறகு மெல்லக் குறைகிறது. காலை 8 மணி வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

இதற்கு மேல் நாம் செய்வதும் சேர்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுதான் தூக்கத்தை வரவழைக்கும் அழுத்தம். காஃபீன் அந்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை; அடினோசின் போய் ஒட்டும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் அங்கேயேதான் இருக்கிறது, உங்களுக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். உடலில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனர்ஜி டிரிங்க் குடிப்பவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதுகாப்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. ஒரே மூச்சில் என்றால் 200.

வகுப்பில் நான் 'தூங்குங்கள்' என்று சொல்வதில்லை. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்று ஒரு வாரம் குறிக்கச் சொல்வேன். மொத்த நேரத்தைவிட வேறொன்றுதான் அதில் பளிச்சென்று தெரியும். வகுப்பு உள்ள நாளில் 1 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறவர், விடுமுறையில் 4 மணிக்குப் படுத்துப் பகல் 12-க்கு எழுகிறார். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் நாலைந்து மணி நேரம் தள்ளியிருக்கிற ஊருக்கு விமானத்தில் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்பி வந்த உடம்பு அது. ஞாயிறு இரவு தூக்கம் வராமல் போவதில் வியப்பே இல்லை.

அப்புறம், அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்த மாணவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எல்லாரும் மிகத் தாமதமாகப் படுத்த இரவுகள் அசைன்மென்ட் சமர்ப்பிக்கும் இரவுகள். கெடு நள்ளிரவு 12 மணி என்று வைத்திருந்தோம். அதை மாலை 5 மணியாக மாற்றச் சொல்லித் துறையில் பேசினார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டார்கள். மாணவனின் ஒழுக்கம் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். நேர அட்டவணை போடுகிறவர்களின் பொறுப்பையும் இந்தப் பாடத்தில் பேசியாக வேண்டும்.

ஜூலை 10, சற்று நேரம் கழித்து

'எனக்கு 5 மணி நேரம் போதும்' என்பவருக்கு: மரபணு காரணமாக அப்படிப் போதுகிறவர்கள் உண்டு, ஆனால் மிக அரிது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. தொடர்ந்து குறைவாகத் தூங்குகிறவர்கள் சில நாளில் 'பழகிவிட்டது' என்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் அவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே இருக்கும். பழகிய உணர்வை நம்பாதீர்கள். அதிலும் விடிய விடியப் படித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஜூலை 12

மாத்திரை. இதைத்தான் முதல் வகுப்பிலேயே வைக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

விடுதியில் மாத்திரை கைமாறுவது சர்வசாதாரணம். ஒரு மாணவி காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்குத் தோழி கொடுத்த இன்னொன்று என்று மூன்று பட்டைகளோடு என்னிடம் வந்தாள். பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைச் சேர்ந்து படித்தோம். மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே ஒரே மருந்து.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்சவரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்கள் இதைவிடக் குறைத்தே எடுக்க வேண்டும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு. அளவு மீறினால் கல்லீரல் கெடும், ஆனால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆள் நன்றாக நடமாடுவார். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அந்த நச்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அளவு தாண்டிவிட்டது என்று தெரிந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தெரியாமல் எடுத்ததா, வேண்டுமென்றே எடுத்ததா என்ற விசாரணையெல்லாம் போகிற வழியில் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதும் இதே கதை. சாதாரண சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதை எச்சரித்தார்: குறைந்த அளவில் எடுத்தால் கிருமி சாகாது, எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும்.

ஜூலை 12

கேள்வி கேட்ட தம்பிக்கு: கைப்பேசியில் தேடினால் போதும் என்றீர்கள். மூன்று பட்டையிலும் ஒரே மருந்து இருக்கலாம் என்ற சந்தேகமே வராதவர் எதைத் தேடுவார்?

ஜூலை 15

உடற்பயிற்சி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் மூச்சு வாங்கும் உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அந்த வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். வகுப்பு மாறும்போது மாடிப்படியை வேகமாக ஏறினால் அதுவும் கணக்கில் சேரும். ஜிம் கட்டாயம் இல்லை.

ஜூலை 16

ஜிம் என்றதும் பேச்சு எடைக்கும், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ என்ற எண்ணுக்கும் போய்விட்டது. போகட்டும், இதையும் பேச வேண்டும்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் உடல்நலத்துக்கு என்று தனித் துறை வைத்ததில் மிகப் பழையது ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி. 1861-இல் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவர் அதற்குப் பேராசிரியராக வந்தார். மாணவர்களின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு எல்லாவற்றையும் வருடா வருடம் அளந்து குறித்து வைத்தார். அளப்பது அன்றிலிருந்து இந்தப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வகுப்பிலும் முதல் வாரம் எல்லாரையும் எடை பார்த்துச் சத்தமாகப் படிக்கும் வழக்கம் இருந்தது. இப்போது இல்லை. அந்த வாரத்துக்குப் பிறகு சில பிள்ளைகள் மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பது தெரிந்ததும் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டோம்.

பிஎம்ஐ கணக்கைப் போட்டவர் கெட்லே என்ற 19-ஆம் நூற்றாண்டுப் புள்ளியியல்காரர். மக்கள்தொகையின் சராசரி அவருக்கு வேண்டியிருந்தது. தனி ஆளுக்கு நோய் சொல்ல அதை உருவாக்கவில்லை. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது வயிற்றில் இருக்கிறதா தொடையில் இருக்கிறதா, எதுவும் அந்த எண்ணுக்குத் தெரியாது. டாக்டர் பார்க்கும் பல எண்களில் அதுவும் ஒன்று. '25-ஐத் தாண்டிவிட்டேன், நான் நோயாளியா' என்று கேட்டவருக்கு இதுதான் பதில்: இல்லை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கவனிப்பது வேறு, சாப்பாட்டைச் சுற்றி வரும் மனக்கோளாறின் அறிகுறிகளை. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறவர், கூட்டத்தில் சாப்பிட மறுக்கிறவர், காய்ச்சலிலும் ஓடப் போகிறவர், மாதவிடாய் நின்றுபோனவர். 'நல்லா இளைச்சுட்டியே' என்று அவரைப் பாராட்டாதீர்கள். பையன்களுக்கும் இது வரும். தசை போதவில்லை என்ற தவிப்பாக வரும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஜூலை 19

பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். கையை உயர்த்தி யாரும் கேட்காத கேள்வியெல்லாம் அதில்தான் வரும். சிலவற்றுக்கு இங்கேயும் பதில்.

எப்போதும் களைப்பாக இருக்கிறது, படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது: ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் போனால் ரத்தசோகை. மாதவிடாயில் மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால் அது 'எல்லாருக்கும் இருப்பதுதான்' கிடையாது, டாக்டரிடம் சொல்ல வேண்டியது.

அவசரக் கருத்தடை மாத்திரை: லெவோனார்ஜெஸ்ட்ரல் வகையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை அது கலைக்காது. பால்வினை நோயையும் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். பல பால்வினை நோய்கள் அறிகுறியே காட்டாமல் இருக்கும், ஆகவே 'ஒன்றும் தெரியவில்லை' என்பது பரிசோதனைக்கு ஈடாகாது. ஹெச்பிவி என்ற வைரஸுக்கான தடுப்பூசி பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஆண்களுக்கும் அந்த வைரஸால் புற்றுநோய் வரும், பல நாடுகளில் இருபாலருக்கும் போடுகிறார்கள்.

'அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசாமல் இருந்தாள், அது சம்மதம்தானே?' என்று ஒரு சீட்டு. இல்லை. பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. போதையில் இருப்பவரால் சம்மதம் கொடுக்கவே முடியாது. அன்று அந்த வகுப்பு முழுவதும் இதைப் பற்றியே பேசினோம். பாடத்திட்டத்தில் அன்றைக்கு இருந்தது வைட்டமின்.

ஜூலை 23

மனநலத்தை ஏன் இன்னும் தொடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரமாக எழுத மனமில்லை, அதனால்தான்.

வாழ்நாளில் மனநோய் வருகிறவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அது 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று 2005-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. அதாவது கல்லூரி வயதுதான் கவனிக்க வேண்டிய வயது. தேர்வு நேரத்து டென்ஷன் எல்லாருக்கும் உண்டு, தேர்வு முடிந்ததும் போய்விடும். போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது என்றால் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. டாக்டர்கள் ஒன்பது கேள்வித் தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதுவும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியேதான் கேட்கும். அதில் வரும் மதிப்பெண் நோயை உறுதிசெய்யாது. பேச்சைத் தொடங்கி வைக்கும்.

நண்பன் 'இருக்கவே பிடிக்கலை' என்று சொன்னால்? பேச்சை மாற்றாதீர்கள். 'சாகலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ கூடவே போங்கள். ஆலோசகரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து 'நீ பேசு' என்று அனுப்புவதற்கும், பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

ஜூலை 24

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலோசகரிடம் போங்கள் என்று சொல்வது எளிது. எங்கள் ஆலோசனை அறை கட்டணம் கட்டும் ஜன்னலுக்கு அடுத்த கதவாக இருந்தது. வரிசையில் நிற்கிற அத்தனை பேர் பார்க்க யார் அந்தக் கதவைத் திறப்பார்கள்? நூலகத்தின் மேல் தளத்துக்கு மாற்றி, கைப்பேசியிலேயே நேரம் பதிவு செய்யலாம் என்றதும் வரத் தொடங்கினார்கள். உங்கள் கல்லூரியில் அந்த அறை எங்கே இருக்கிறது என்று நாளைக்கே பார்த்து வையுங்கள்.

ஜூலை 29

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார்: 'சரி, பாடம் வேண்டும். மதிப்பெண் எதற்கு? நான் எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்பதற்கு மார்க்கா?'

இதில் உங்கள் பக்கம்தான். பழக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் பொய் எழுதுவார்கள். போதாததற்கு 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்து, 22-ஆம் நாள் தவறியவரைக் குற்றவாளியாக உணர வைக்கிறோம். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு செமஸ்டரில் எதை அளந்து மார்க் போடுவது?

செய்து காட்டக்கூடியதற்குப் போடலாம். இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவிக்கான பயிற்சிப் பொம்மையின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தி, ஒவ்வொரு முறையும் முழுதாக மேலே வர விட்டு, இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கத் தெரிகிறதா? மாத்திரைப் பட்டையைப் படித்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிகிறதா? காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கண்ணில் கூசுதல், குழப்பம் சேர்ந்து வந்தால் மூளைச்சவ்வுக் காய்ச்சலாக இருக்கலாம், காலை வரை காத்திருக்கக் கூடாது என்று தெரிகிறதா? இவற்றுக்கு மதிப்பெண் கொடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன்.

ஜூலை 30

'டாக்டரிடம் போனால் எல்லாம் மறந்துபோகிறது, என்ன சொல்வது?' என்று ஒருவர். வகுப்பில் இதை இரண்டு நிமிடப் பயிற்சியாக வைத்திருக்கிறோம்; ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி. உள்ளே போகும் முன் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, எதனால் கூடுகிறது. இதுவரை என்ன மாத்திரை, எத்தனை எடுத்தீர்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பெண்கள் கடைசி மாதவிடாய்த் தேதி. எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுந்து கதவருகே போன பிறகு சொன்னால் அதற்கு நேரம் இருக்காது. குடி, புகை, உடலுறவு பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மருந்து அதைப் பொறுத்து மாறும். வெளியே வரும் முன் நீங்கள் புரிந்துகொண்டதை டாக்டரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: எந்த மருந்து, எத்தனை நாள், என்ன ஆனால் திரும்ப வர வேண்டும்.